கணக்கேட்டுக்கு முன்னே கிருபை: உக்கிராணத்துவ வேதபாடத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

தேவன் அருளிய ஆசீர்வாதங்களை நல்லபடி பயன்படுத்தும் உக்கிராணத்துவத்தைக் கற்பிப்பதாகச் சொல்லும் வேதபாடத் தொகுப்புகளில் பெரும்பாலானவை முதல் பக்கத்திலேயே வருமானத்தையும் அதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தையும் கையில் எடுத்துக்கொள்கின்றன. நான் இங்கே மதிப்பிடும் தொகுப்பு அப்படிச் செய்யவில்லை. எட்டுப் பாடங்கள் கொண்ட இதில் முதல் மூன்று பாடங்களில் பணத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. மாறாக, உண்மையற்ற ஒரு ஜனத்தின் மேல் தேவன் வைத்த மாறாத அன்பே அங்கே முழுப் பொருளாகிறது. இந்த வரிசைதான் தொகுப்பின் பெரிய பலம். பிற்பகுதியில் இந்த வரிசையை அதன் ஆசிரியர்களே மறந்துவிடுவதுதான் பெரிய குறை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு காணொளி, அதற்கு இணையான கேள்விகளும் வேதபகுதிகளும் அடங்கிய பயிற்சி ஏடு, குடும்பமாக நிரப்ப வேண்டிய கணக்கேடு, குழுவை நடத்துபவருக்கான கையேடு ஆகியவை ஒன்றாகக் கிடைக்கின்றன. தனியாகவும் படிக்கலாம், ஆனால் கேள்விகள் பலர் கூடிப் பேசுவதற்கென்றே அமைக்கப்பட்டுள்ளன. எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் இதை முழுவதுமாகப் படித்து முடித்த பின்னரே இதனை எழுதுகிறேன்.

முதல் மூன்று பாடங்களும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான ஓசியாவின் புத்தகத்தில் நிற்கின்றன. உக்கிராணத்துவத்தைக் கற்பிக்க ஓசியாவைத் தேர்ந்தெடுத்தது துணிச்சலான முடிவு; நான் பார்த்தவரை வேறு எந்தத் தொகுப்பும் அந்தப் பக்கம் போனதில்லை. தீர்க்கதரிசி பேசத் தொடங்கியது இரண்டாம் யெரொபெயாமின் காலம். 41 ஆண்டுகள் அரசாண்ட அந்த ராஜாவின் நாள்களில் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யம் இழந்த எல்லைகளை மீட்டுக்கொண்டது. செல்வந்தர்கள் தந்தக் கட்டில்களில் படுத்துக்கிடந்ததை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்ததும் அதே காலத்தில்தான். செழிப்பின் உச்சத்தில் இருந்த அந்த ராஜ்யம் கி.மு. 722 அளவில் அசீரியரிடம் விழுந்தது. இந்தச் சூழலை முதல் காணொளி அளவாகவும் தெளிவாகவும் விளக்குகிறது. வறுமையில் இருந்த ஜனம் தேவனை மறந்தது என்பதல்ல, நிறைவடைந்த ஜனம் மறந்தது என்பதே ஓசியாவின் குற்றச்சாட்டு. பதின்மூன்றாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம் அந்த வரிசையைப் படிப்படியாகச் சொல்கிறது: மேய்ச்சல் கிடைத்தது, திருப்தியானார்கள், இருதயம் மேட்டிமையானது, மறந்தார்கள்.

இரண்டாம் பாடம் ஓசியா 2:8-ஐச் சுற்றி எழுப்பப்பட்டிருக்கிறது. அங்கே இஸ்ரவேல் ஜனம், ஓசியாவை விட்டுப்போன மனைவியைப் போல, துரோகம் செய்த மனைவியாகச் சித்திரிக்கப்படுகிறது. தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தந்தவர் யார் என்பதை அவள் அறியாமற்போனாள். கர்த்தர் பெருகப்பண்ணிய வெள்ளியும் பொன்னும் பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு உரியதாக்கப்பட்டது. ஆசீர்வாதத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் என்பது முதலாவது செலவுக் குளறுபடி அல்ல, கொடுத்தவரை மாற்றிக் கருதும் துரோகம் என்ற முடிவுக்குப் பாடம் நம்மை அவசரமின்றி அழைத்துச்செல்கிறது. பயிற்சி ஏட்டில் இதற்கடுத்து வரும் கேள்வி கூர்மையானது. 'இந்த ஆண்டு உங்களுக்குக் கிடைத்த நன்மைகளில், தேவனைத் தவிர வேறு யாருக்கு, எதற்கு நீங்கள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டீர்கள்?' என்று அது கேட்கிறது. எங்கள் குழுவில் பதில்கள் உடனே வரவில்லை. படிப்பு, உத்தியோகம், சாமர்த்தியம், உறவினர் செல்வாக்கு என்று ஒவ்வொன்றாக வெளிவந்தபோதுதான், 'உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கேள்வி எவ்வளவு தூரம் பாய்கிறது என்பது விளங்கியது.

மூன்றாம் பாடம் தொகுப்பிலேயே சிறந்தது. ஓசியா தன் மனைவியைத் திரும்பப் பெற 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்தான் என்ற செய்தியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். இங்கே காணொளி அதில் நின்று, ஏற்கெனவே தனக்குரியவளாயிருந்தவளுக்காக ஒருவன் விலை கொடுக்கிறான் என்பதைக் கவனிக்கச் செய்கிறது. அங்கிருந்து பதினோராம் அதிகாரத்துக்குச் சென்று, வடக்கு ராஜ்யத்தை எப்பிராயீம் என்று அழைத்து, 'எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?' என்று தகப்பனாகிய தேவனின் இருதயம் கலங்குகிற இடத்தை வாசிக்க வைக்கிறது. ஆசீர்வாதங்களை வீணடித்தவர்கள் மேல் அன்பு நின்றுபோகவில்லை என்பதை நிலைநாட்டிய பின்பே அவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் கடமையைப் பேச வேண்டும் என்று ஆசிரியர்கள் கருதியிருக்கிறார்கள். அது சரியான கருத்து. எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்ட பின் பாடப்பட்ட புலம்பலின் நடுவிலேயே, நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே என்ற அறிக்கை வருவதையும் பாடம் இணைத்துக் காட்டுகிறது. இடிபாடுகளின் நடுவே சொல்லப்பட்ட வசனம் அது என்பதை நாம் வாழ்த்து அட்டைகளில் அதை அச்சிட்டு அச்சிட்டு மறந்துவிட்டோம்.

நான்காம் பாடம் திருப்பமாக அமைகிறது. உபாகமம் எட்டாம் அதிகாரத்தில், என் கைப்பெலனே இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது என்று சொல்லாதபடி மோசே எச்சரிப்பதும், ஆலயத்துக்கென்று திரட்டிய காணிக்கைக்கு முன் நின்று தாவீது, 'எல்லாம் உம்மால் உண்டானது. உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்' என்று ஜெபிப்பதும் அருகருகே வைக்கப்படுகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிய பாடம், தெளிவான பாடம்.

சிக்கல் ஐந்தாம் பாடத்தில், தாலந்துகளின் உவமையில் தொடங்குகிறது. பயணம் போகும் எஜமான் மூன்று ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்படைக்கிறான்; இருவர் அதைப் பெருக்குகிறார்கள், ஒரே தாலந்து பெற்ற கடைசி ஊழியக்காரன் அதை நிலத்தில் புதைத்துவைக்கிறான். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். நாளொன்றுக்கு ஒரு பணம் கூலியாக இருந்த காலத்தில் அது ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் கூலி. கடைசி ஊழியக்காரனுக்குக் கிடைத்ததும் அற்பத் தொகையன்று என்பதைக் காணொளி சரியாகவே சொல்கிறது. ஆனால் அதற்குப் பின் பாடம் முழுவதும் முதலீடு, வளர்ச்சி, திறமைகளைக் கண்டறிதல் என்று மேலாண்மை வகுப்பாக மாறிவிடுகிறது. அந்த ஊழியக்காரன் ஏன் புதைத்தான் என்று உவமையே சொல்கிறது: எஜமான் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடினமுள்ள மனுஷன் என்று அவன் நினைத்தான், பயந்தான், புதைத்தான். கொடுத்தவரின் இருதயத்தைத் தவறாக எண்ணியதுதான் அவனுடைய முதல் தவறு. சோம்பல் அதன் விளைவு. ஓசியாவில் ஜனங்கள் கொடுத்தவரை மறந்து அள்ளி இறைத்தார்கள்; இவனோ கொடுத்தவரைக் கண்டு நடுங்கி ஒளித்துவைத்தான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. முதல் மூன்று பாடங்களில் அன்பைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் இந்த இணைப்பைக் காணாமல் போனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சபைகளில் வீண்செலவு செய்கிறவர்களைவிட, பயத்தினால் எதையும் வெளியே எடுக்காதவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு இந்தப் பாடம் மேலும் பயத்தையே கொடுக்கும். குழு நடத்துகிறவர்கள் மத்தேயு 25:24-ஐத் தாங்களே எடுத்துப் பேசிவிட்டுப் பின்பு காணொளியைப் போடுவது நல்லது.

ஆறாம் பாடத்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வருகிறார். 1760-இல் அச்சான அவருடைய பிரசங்கத்தின் மூன்று விதிகளான நேர்மையாக இயன்றவரை சம்பாதி, இயன்றவரை சேமி, இயன்றவரை கொடு என்பவை பாடத்தின் எலும்புக்கூடு. முதல் இரண்டு விதிகளுக்குப் பத்துப் பக்கங்கள், மூன்றாவதற்கு ஒன்றரைப் பக்கம். தம் முதிர்ந்த வயதில் வெஸ்லி தம்மைச் சேர்ந்தவர்களைப் பார்த்து, முதல் இரண்டையும் கைக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டீர்களே என்று வருந்தியதை அறிந்தவர்கள் இந்தப் பக்கக் கணக்கைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆயினும் இதே பாடத்தில் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய சகாயப் பணத்தைப் பற்றிய பகுதி மிக நன்று. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலிருந்தும் தாராளமாய்க் கொடுத்ததையும், அந்தத் தொகையைக் கொண்டுபோகப் பவுல் தனியாகச் செல்லாமல் சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரனைக் கூட்டிச்சென்று, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றமற்றிருக்கப் பார்த்ததையும் அது விவரிக்கிறது. காணிக்கை கொடுப்பவனின் உண்மையைப் பற்றி ஓயாமல் பேசும் நாம், காணிக்கையைக் கையாளுகிறவனின் உண்மையைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அரிது. சபைப் பொருளாளர் பொறுப்பில் இருக்கும் எவருக்கும் இந்த ஒரு பகுதியைத் தனியாகவே கொடுக்கலாம்.

ஏழாம் பாடத்தை நான் ஏற்கவில்லை. தசமபாகங்களையெல்லாம் ஆலயப் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள், நான் ஆசீர்வதிப்பேன் என்று சொல்லும் மல்கியா 3:10-ஐ எடுத்துக்கொண்டு, கொடுத்தால் பலமடங்கு திரும்பக் கிடைக்கும் என்ற தனிமனித வாக்குத்தத்தமாக அது விரிக்கப்படுகிறது. அந்த வசனத்தில் பேசப்படும் பண்டசாலை எதற்காக இருந்தது என்ற கேள்வியே எழவில்லை. ஆலய ஊழியம் செய்த, நிலச் சுதந்தரம் இல்லாத லேவியருக்குத் தசமபாகம் ஜீவனமாயிருந்தது. மூன்றாம் வருஷத் தசமபாகத்தில் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. அந்தப் பங்கு நின்றுபோனபோது லேவியர் ஆலய ஊழியத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா பதிவு செய்கிறார். மல்கியா அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களையும் விதவைகளை ஒடுக்குகிறவர்களையும் கண்டிக்கிறார். பாடம் அதைத் தொடாமலே கடந்துசெல்கிறது. ஆக, பசித்தவனுக்கான ஏற்பாடு பற்றிய வசனம், கொடுப்பவனின் லாபம் பற்றிய வசனமாகச் சுருங்கிவிட்டது. ஓசியாவின் ஜனங்கள் பாகாலிடம் செய்ததும் ஏறக்குறைய இதுதானே: தானியமும் எண்ணெயும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் படைத்தார்கள். தேவனுடைய அன்பை விலைபேசாமல் பெற்றுக்கொள்ளச் சொன்ன மூன்றாம் பாடத்தை ஏழாம் பாடம் இப்படி மறுத்துவிடுகிறது. கொடுத்தும் கடனில் தவிக்கும் ஒரு விசுவாசி இந்தக் காணொளியைப் பார்த்தால், தன்மேல் தேவனுக்கு அன்பில்லை என்றே முடிவுக்கு வருவார். எங்கள் குழுவில் இந்தப் பாடத்தின் இடத்தில் இரண்டு கொரிந்தியர் எட்டு, ஒன்பதாம் அதிகாரங்களை நேரடியாக வாசித்தோம். ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானவரைப் பற்றிய வசனம் அங்கே கொடுத்தலுக்கு அடிப்படையாக நிற்கிறது, பதிலுக்குக் கிடைப்பது அல்ல.

எட்டாம் பாடம் முந்தையவற்றின் மறுபார்வை மட்டுமே.

கணக்கேட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வரவு, செலவு, காணிக்கை என்ற வழக்கமான பத்திகளோடு நேரம், கைத்தொழில், விருந்தோம்பல், பரிந்துபேசும் வாய்ப்பு ஆகியவற்றுக்கும் தனிப் பத்திகள் இருப்பது சிறப்பு. 'அவனவன் பெற்ற வரத்தின்படியே' உதவிசெய்யுங்கள் என்ற பேதுருவின் வார்த்தை பணத்தோடு நிற்பதில்லை என்பதை இந்த ஏடு சொல்லாமலே கற்பிக்கிறது. வயதான ஒரு சகோதரி, பணப் பத்தியை வெறுமையாக விட்டு, நோயாளிகளோடு அமர்ந்திருந்த நேரங்களால் ஒரு பக்கத்தையே நிரப்பியிருந்தார். ஆனால் கடனுக்கு என்று எங்கும் இடமில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பதும் உக்கிராணத்துவத்தின் பகுதி என்பதை ஆசிரியர்கள் நினைக்கவேயில்லை போலும். பெற்றுக்கொண்ட உதவிகளை எழுதவும் இடமில்லை. கொடுப்பவன் எப்போதும் நான், பெறுபவன் எப்போதும் மற்றவன் என்ற எண்ணத்தை இது அறியாமலேயே வளர்க்கிறது. மறுபதிப்பு வருமானால் இந்த இரண்டு பத்திகளையும் சேர்ப்பது கடினமன்று. அதுவரை ஓரத்தில் கோடு போட்டு எழுதிக்கொள்ளலாம்.

காணொளிகளின் ஒலிப்பதிவு தெளிவானது. பின்னணி இசை சற்று மிகை. தமிழ் நடை சீரானது, வேதவசனங்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து (பழைய மொழிபெயர்ப்பிலிருந்து) தரப்பட்டுள்ளன, மேற்கோள் எண்களில் பிழை எதையும் நான் காணவில்லை. நடத்துபவர் கையேடு விடைகளை எழுதித் தராமல், கூடுதல் வேதபகுதிகளை மட்டும் சுட்டுகிறது; அனுபவமுள்ளவர்களுக்கு அது வரவேற்கத்தக்கது, புதிதாக நடத்துகிறவர்களுக்குத் திணறலாக இருக்கும்.

புதிதாய்த் திருமணமானவர்களுக்கும் வாலிபர் கூட்டங்களுக்கும் முதல் நான்கு பாடங்களைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஐந்தும் ஆறும் திறமையான ஒருவர் கையில் பயன்படும். பணநெருக்கடியில் இருக்கிறவர்கள் உள்ள குழுவில் ஏழாவதை விட்டுவிட வேண்டும். பாடங்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைப்பதால் அதற்கு எந்தத் தடையும் இல்லை, பயிற்சி ஏட்டின் பக்க எண்கள் மட்டும் கொஞ்சம் இடறும்.