வேலூர் காந்தி ரோடு கரன்சி கடை: ரேட்டோடு காரணமும் சொல்கிறார்கள்

சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கமிருந்து காந்தி ரோட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் லாட்ஜ், மருந்துக்கடை, வங்காளத்தில் எழுதின பலகைகள். அந்த வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி எட்டடி அகலத்தில் இருக்கிறது நான் சொல்லப்போகிற கரன்சி கடை. அக்கம்பக்கத்தில் பாய் கடை என்று கேட்டால் போதும், காட்டுவார்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை ஏன் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அனுப்புவதால் பில் எல்லாம் யூரோவில்தான். மிலானில் தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தபோது 640 யூரோ கையில் மிஞ்சியது. முதலில் ஒரு வங்கிக் கிளைக்குத்தான் போனேன். என்ன ரேட் என்று கேட்டதற்கு, கணக்கில் வரவானதும் தெரியும் சார் என்றார்கள். விலை சொல்லாமல் பொருளை வாங்கிக்கொள்கிற வியாபாரம் எனக்குச் சரிப்படவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

பாய் கடையில் வாசலிலேயே பலகை இருக்கிறது. வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு வரிசை, சாக்பீஸில், அன்றைக்குக் காலையில் எழுதினது. நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் பாய் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி, "தம்பி, மார்க்கெட்ல யூரோ இப்ப இது, நான் தர்றது இது, நடுவுல இருக்குற ஒண்ணே முக்கா ரூபா என்னோடது, நோட்டை வாங்கி வெச்சிருந்து மெட்ராஸுக்கு அனுப்புற செலவெல்லாம் அதுலதான்" என்றார். ஜி.எஸ்.டி.யையும் அவரே விளக்கினார். லட்சம் ரூபாய் வரைக்கும் மாற்றினால் தொகையில் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்து அதன் மேல்தான் 18 சதவீதம், ஆக லட்சத்துக்கு 180 ரூபாய், எவ்வளவு குறைவாக மாற்றினாலும் 45 ரூபாய். ரசீதில் ஒவ்வொன்றும் தனி வரியாக இருந்தது. நோட்டுகளை ஒவ்வொன்றாக நீல விளக்கில் காட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, மூலை மடங்கியிருந்த ஒரு ஐம்பதை நீவி எடுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது அந்தப் பேரம் இல்லை, அதற்குப் பிறகு நடந்த பேச்சு. 2022இல் நான் வாங்கின அடியை அவரிடம் சொன்னேன். அந்த ஜனவரியில் யூரோ 84 ரூபாய் பக்கம் இருந்தபோது 40,000 யூரோவுக்கு ஆர்டர் எடுத்தேன், பணம் செப்டம்பரில் வந்தபோது யூரோ 79 சொச்சம். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் போயிற்று, அதுதான் அந்த ஆர்டரின் லாபமே. அதே நேரத்தில் டாலர் 74லிருந்து 80ஐத் தாண்டியிருந்தது, நான் டாலர் கொடுத்து வாங்குகிற கெமிக்கலும் சோலும் அந்த அளவுக்கு ஏறிவிட்டன. டி.வி.யில் தினமும் ரூபாய் சரிகிறது, ஏற்றுமதியாளர்களுக்குக் கொண்டாட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நஷ்டம், ஏன் என்று சொல்ல ஆளில்லை.

பாய் ஒரு துண்டுச்சீட்டில் எழுதியே காட்டினார். அந்த பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் போனது, ஐரோப்பாவில் கேஸ் விலை எகிறியது. அமெரிக்க மத்திய வங்கி மார்ச்சிலேயே வட்டியை ஏற்ற ஆரம்பித்துவிட்டது, ஐரோப்பிய மத்திய வங்கி ஜூலை வரை ஏற்றவில்லை. வட்டி எங்கே கூடுதலோ பணம் அங்கே ஓடும், அதனால் டாலர் ஏறியது, யூரோ இறங்கி ஒரு டாலருக்கும் கீழே போனது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, அதற்கு டாலர் வேண்டும், அதனால் டாலருக்கு எதிரில் ரூபாயும் இறங்கியது, ஆனால் யூரோ அளவுக்கு இறங்கவில்லை. "ரூபா ஏறுது எறங்குதுன்னு பொதுவா பேசக்கூடாது தம்பி, எதுக்கு எதிர்ல, அதைக் கேக்கணும்" என்றார். எட்டு வருடமாக யூரோவில் பில் போடுகிறவன் நான், இதை ஒரு கரன்சி கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சரி, இதற்கு என்ன வழி என்றேன். அது என் கடையில் இல்லை, வங்கியில் ஃபார்வர்ட் போடுங்கள் என்று அனுப்பிவைத்தார். மூன்று மாதம் கழித்து வரப்போகிற யூரோவுக்கு இன்றைக்கே விலை பேசி முடித்துவிடுவது. இங்கே வட்டி ஐரோப்பாவை விட அதிகம் என்பதால் இன்றைய விலையை விடச் சில காசு கூடவே கிடைக்கிறது. பிறகு யூரோ எகிறினாலும் அந்த லாபம் நமக்கு இல்லை, ஆர்டர் கேன்சலானால் வித்தியாசத்தை நாம்தான் கட்டவேண்டும், அதையும் அவரே சொன்னார். தனக்கு ஒரு பைசா வராத யோசனையை இவ்வளவு பொறுமையாகச் சொல்கிற கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. இப்போது கையில் இருக்கிற ஆர்டரில் முக்கால் பங்குக்கு ஃபார்வர்ட் போட்டிருக்கிறேன், சம்பளத் தேதி நெருங்கும்போது ரேட் பார்த்துப் பதறுவது நின்றுவிட்டது.

நான் இருந்தபோதே பங்களாதேஷிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள், கையில் ஆஸ்பத்திரி ஃபைல். டாலர் கொண்டுவந்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் 86 டாக்கா கொடுத்தால் கிடைத்த ஒரு டாலருக்கு 2024 மே மாதத்தில் அந்த நாட்டு மத்திய வங்கியே 117 டாக்கா என்று வைத்தது. இங்கே ஆபரேஷன் செலவு ரூபாயில் ஏறாமலே இருந்திருந்தாலும் அவர்களுக்கு அது எவ்வளவோ கூடிப்போயிருக்கும். பாய் அவர்களிடம் வங்காளத்திலேயே பேசினார், சின்ன நோட்டுக்கு ரேட் குறைவு என்பதை எண்ணுவதற்கு முன்பே சொன்னார், சிகிச்சைக்கு எவ்வளவு தேவையோ அதை மட்டும் மாற்றுங்கள், மீதியை டாலராகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

பாய் சொன்ன 'எதுக்கு எதிர்ல' என்பது முதலீட்டுக்கும் பொருந்தும். என் மச்சான் அமெரிக்கப் பங்குகளில் போடுகிற ஃபண்டில் பணம் வைத்திருக்கிறான். 2025 தொடக்கத்தில் 85 ரூபாய் சொச்சம் இருந்த டாலர் டிசம்பரில் 90ஐத் தாண்டியது, அதனால் ஃபண்ட் ஏறாமல் கிடந்திருந்தாலும் அவனுக்கு ரூபாயில் ஐந்து சதவீதம் சேர்ந்திருக்கும். நம் சந்தையில் போட்டிருந்த வெளிநாட்டுக்காரனுக்கு அதே ஐந்து சதவீதம் கை விட்டுப் போயிருக்கும், அதனால் அவன் விற்றுவிட்டுக் கிளம்புவான், கிளம்பினால் ரூபாய் இன்னும் இறங்கும். அந்த ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருட்களுக்குப் போட்ட 50 சதவீத வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தோல் பொருளை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ரூபாய் சரிந்ததில் கிடைத்தது அந்த வரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

குறை என்றால், இரண்டு பேர்தான் உட்கார முடியும், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை ஷட்டர் பாதி இறக்கி இருக்கும், வெள்ளிக்கிழமை இன்னும் நேரமாகும். நாணயம் எடுக்கமாட்டார்கள், என் 14 யூரோ சில்லறை வீட்டு டிராயரில்தான் கிடக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் போகாதீர்கள், பழக்கப்பட்டவனாக இருந்தும் என்னை இரண்டாவது தடவை திருப்பி அனுப்பிவிட்டார். ரிசர்வ் வங்கி கொடுத்த லைசென்ஸ் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்தத் தெருவில் வேறு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.