என்விடிஏ வச்சு ஃபைல் டவுன்லோட் பண்றது எப்படி இருக்கு
பார்வை இல்லாதவங்க விண்டோஸ்ல ஃபைல் எறக்கணும்னா என் ஓட்டு என்விடிஏக்கு தான், ஸ்கிரீன்ல இருக்கிறத குரல்ல வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர் அது, ஆஸ்திரேலியால 2006ல மைக்கேல் கரன் ஆரம்பிச்சது, இன்னிக்கும் ஃப்ரீ. இன்சர்ட் எஃப்7 அடிச்சா பேஜ்ல இருக்கிற லிங்க் எல்லாம் லிஸ்ட்டா வந்துரும், வேணுங்கிறத அதுலயே தேர்ந்தெடுக்கலாம், சில பிடிஎஃப் எறங்காம பிரவுசர்லயே தொறந்துக்கும், அதுக்கு லிங்க்ல நின்னு ஷிஃப்ட் எஃப்10 அடிச்சு சேவ் லிங்க் ஆஸ் குடுங்க. எறங்குச்சான்னு பாக்க குரோம்ல கன்ட்ரோல் ஜே. ஆனா பட்டனுக்கு பேரே வைக்காத சைட்டுல என்விடிஏ என்ன செய்யும் பாவம், "பட்டன், பட்டன்"னு வாசிச்சுட்டே போகும், அதுல எது விளம்பரம்னு கடவுளுக்கு தான் வெளிச்சம். அதுல வர்ற ஈஸ்பீக்ங்கிற தமிழ் குரல் ரோபோ மாதிரி தான், பழகிடும். காசு குடுத்து ஜாஸ்ங்கிற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவங்க என்விடிஏவ தாராளமா போடலாம்.