ஹீட்டட் கிரிப்பா, ஹீட்டட் கிளவுஸா: லடாக் போகிறவர்களுக்கு ஓர் அலசல்

ஜூலை மாதம்தானே, பனிக்காலம் இல்லையே என்று நினைத்துக்கொண்டுதான் நம்மூரில் இருந்து பலரும் லடாக்குக்குப் பைக்கில் கிளம்புகிறார்கள். ஜாக்கெட், பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார்கள். கைக்கு மட்டும் இருக்கிற கிளவுஸே போதும் என்று விட்டுவிடுவார்கள். மணாலி–லே சாலையில் சர்ச்சுவே 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பாராலாச்சா லா 4,800 மீட்டருக்கு மேல், தங்லங் லா 5,300 மீட்டரையும் தாண்டும். அந்த உயரத்தில் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பினால், கோடையிலும் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றுக்குளிர் கணக்குப்படி வெறும் தோலுக்கு அது மைனஸ் 9 டிகிரி போல உறைக்கும்.

விரல் விறைத்துப்போவது வெறும் அவஸ்தை இல்லை, ஆபத்து. முன் பிரேக்கும் க்ளட்சும் விரல் நுனியில்தான் இருக்கின்றன. மரத்துப்போன விரல் லீவரை எவ்வளவு அழுத்துகிறது என்பதே நமக்குத் தெரியாது. கருங்கல் ஜல்லி கிடக்கும் இறக்கத்தில் அப்படி ஒரு நிலை வரவே கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த பைக்கில் போகிறவர் ஹீட்டட் கிரிப் போடட்டும், அதாவது வண்டியின் கரண்டில் சூடாகும் கைப்பிடி; கூடவே கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் ஹேண்ட்கார்டும் மாட்டட்டும். லேயில் பைக் வாடகைக்கு எடுப்பவரும், பின்னால் உட்கார்ந்து வருபவரும், உள்ளே சூட்டுக்கம்பி வைத்த ஹீட்டட் கிளவுஸ் வாங்கட்டும்.

முதலில் சூடு எங்கே கிடைக்கிறது, குளிர் எங்கே ஏறுகிறது என்று பார்க்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கையைக் கவனித்தால் தெரியும்: உள்ளங்கை கிரிப்பை ஒட்டி மறைந்திருக்கிறது. காற்று நேராக மோதுவது புறங்கையிலும் விரல்களின் முன்பக்கத்திலும்தான். கிரிப் சூடேற்றுவது உள்ளங்கையை, குளிர் ஏறுவது எதிர்ப்பக்கத்தில். நல்ல ஹீட்டட் கிளவுஸில் சூட்டுக்கம்பி புறங்கை வழியாக ஒவ்வொரு விரலின் நுனி வரை ஓடும். குளிர் ஏறும் இடத்திலேயே சூடு கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் கிளவுஸ்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. க்ளட்ச் மேலே இரண்டு விரலை நீட்டி வைத்தே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கிரிப்பைப் பிடித்திருக்கும் மற்ற விரல்கள் வெதுவெதுப்பாக இருக்க, அந்த இரண்டு விரல் மட்டும் விறைக்கும்.

ஆனால் இந்தக் குறையைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஹேண்ட்கார்டு மாட்டினால் நேராக வரும் காற்று நிற்கிறது. இன்னும் பலமாக வேண்டுமென்றால், வட இந்தியாவில் குளிர்காலத்தில் ஸ்கூட்டர்களில் பார்க்கலாமே, கையையும் லீவரையும் சேர்த்து மூடும் உறை, அதை மாட்டலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கிரிப் சூடு அந்த உறைக்குள்ளேயே தங்கி, புறங்கைக்கும் கிடைக்கும். ஹீட்டட் கிரிப்பும் காற்றுத் தடுப்பும் சேர்ந்தால் கிளவுஸின் பெரிய பலத்தில் முக்கால்வாசியை எட்டிவிடலாம் என்பது என் கணிப்பு. உறை மாட்டும்போது ஒன்று பார்க்க வேண்டும்: அது லீவரை அழுத்தக் கூடாது. காற்று வேகத்தில் உறை பின்னால் தள்ளப்பட்டு முன் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால், மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப்போகும்.

கிரிப் போட்டபின் தடித்த பனிக் கிளவுஸ் போட்டால் காசு வீண். உள்ளே இருக்கும் பஞ்சு, குளிரைத் தடுப்பது போலவே கிரிப்பின் சூட்டையும் தடுத்துவிடும். உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோலும், புறங்கைப் பக்கம் தடித்த பஞ்சும் உள்ள கிளவுஸ்தான் இதற்குத் தோது.

சரி, கரண்ட் கணக்குக்கு வருவோம். கிரிப் ஜோடி முழுச் சூட்டில் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும், அதாவது ஏறக்குறைய 36 முதல் 48 வாட். பி.எம்.டபிள்யூ ஜி.எஸ். மாதிரி பெரிய வண்டிகளுக்கு இது பொருட்டே இல்லை. 150 சிசி வண்டிக்கு இது பெரிய சுமை. 2017 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் விற்கும் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் பனி விளக்கு, மொபைல் சார்ஜர் என்று மாட்டிவிட்டு கிரிப்பையும் போட்டால், ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது பேட்டரி நிரம்புவதற்குப் பதிலாகக் காலியாகும். அடுத்த நாள் காலையில் குளிரில் செல்ஃப் எடுக்காது. இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, எஞ்சினை 3,000 ஆர்பிஎம் அளவில் வைத்து, பேட்டரி முனையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பயமில்லை. 12.8க்குக் கீழே இறங்கினால் எதையாவது கழற்றித்தான் ஆக வேண்டும்.

மாட்டுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. வலது கிரிப், த்ராட்டிலுக்காக (ஆக்ஸிலரேட்டர்) திருகும் பிளாஸ்டிக் குழாயின் மேல் உட்காருகிறது. இடது கிரிப் நேராக இரும்புக் குழாயின் மேல். இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இடது கை எப்போதும் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். நல்ல கம்பெனிகள் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு அளவில் சூட்டுக்கம்பி வைத்து இதைச் சமன் செய்கின்றன. மலிவான, கிரிப்புக்கு அடியில் ஒட்டும் சூட்டுத்தாள் வகையை வாங்கினால் நாமேதான் பார்க்க வேண்டும்: இடது பக்கம் ஹேண்டில்பாரில், சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறையைப் போட்டுவிட்டு அதன் மேல் ஒட்ட வேண்டும். த்ராட்டில் குழாயில் மேடு மேடாக வரிகள் இருந்தால் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தாமல் கிரிப் ஏறாது. வலது பக்க வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, த்ராட்டிலை முழுக்கத் திருகியும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்தும் பாருங்கள். வயர் இழுபட்டால் அது அறுந்துபோவதோடு நிற்காது, த்ராட்டில் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. மெக்கானிக் நேராக பேட்டரியில் கொடுத்துவிடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஃப்யூஸோடு, சாவியை அணைத்தால் தானாக அணையும்படி ரிலே வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளவுஸுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, கையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அதன் தலைவலி வேறு. மணிக்கட்டில் உட்காரும் பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட், 2,200 முதல் 3,000 எம்ஏஹெச். முழுச் சூட்டில் இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி தன் முழு அளவைத் தராது, அதனால் இன்னும் குறையும். சர்ச்சுவில் இருந்து லே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பாதி வழியில் கை குளிர ஆரம்பித்துவிடும். கூடார முகாம்களில் கரண்ட் என்பது சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான், அதிலும் மொபைல், கேமரா எல்லாம் வரிசையில் நிற்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடுவது அதைக் கெடுத்துவிடும். கூடாரத்துக்குள் கொண்டுவந்து வெதுவெதுப்பான பிறகுதான் போட வேண்டும். வண்டியின் 12 வோல்ட்டிலேயே ஓடும் வயர் வைத்த கிளவுஸும் இருக்கிறது, ஜோடிக்கு 25, 30 வாட் போதும், நாள் முழுக்க வரும். ஆனால் ஜாக்கெட் கைக்குள் வயரை ஓட்டி, இறங்கும்போதெல்லாம் பிடுங்கி, ஏறும்போதெல்லாம் சொருக வேண்டும்.

எனக்குக் கிளவுஸில் பெரிய நெருடல் தண்ணீர்தான். அந்தச் சாலையில் பனி உருகி ரோட்டைக் கடந்து ஓடும் நாலாக்கள் நிறைய. தண்ணீர் தெறித்து கிளவுஸ் நனைந்தால், கிரிப் வைத்திருப்பவர் பையில் இருக்கும் இன்னொரு சாதா ஜோடியை மாட்டிக்கொண்டு போய்விடுவார், சூடு வண்டியில் இருக்கிறது. ஹீட்டட் கிளவுஸ்காரரிடம் இருப்பது ஒரே ஜோடி. விரல் மடங்கும் இடத்தில் சூட்டுக்கம்பி மடங்கி மடங்கித்தான் இந்த கிளவுஸ்கள் பெரும்பாலும் பழுதாகின்றன. ஒரு விரலில் போனாலும் சரிசெய்ய ஆளில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் சில பேருக்கு கிளவுஸ்தான் ஒரே வழி. வெளியூர் வாடகை பைக்கை லடாக்குக்குள் நூப்ரா, பாங்காங் பக்கம் ஓட்ட உள்ளூர் சங்கங்கள் விடுவதில்லை. அதனால் பலர் விமானத்தில் லே போய் இறங்கி அங்கேயே பைக் எடுக்கிறார்கள். அடுத்தவர் வண்டியில் கிரிப் மாட்ட முடியாது. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கோ நண்பருக்கோ கிரிப்பால் ஒரு பயனும் இல்லை. ஓட்டுகிறவர் க்ளட்ச், பிரேக் என்று விரலையாவது அசைத்துக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர் மணிக்கணக்கில் கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். குளிரில் விரல் வெளுத்து வலிக்கும் ரேனாட் பிரச்சினை உள்ளவர்களுக்கும் விரல் நுனி வரை சூடு தரும் கிளவுஸே நல்லது.

சர்க்கரை நோயால் கை உணர்வு குறைந்தவர்கள் இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். சூடு அதிகமாவது தெரியாமலே தோல் வெந்துவிடலாம். நடுத்தரச் சூட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று, எதை வாங்கினாலும் நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் கை சூடாகாது. உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். முதல் காசு நல்ல உள்ளாடைக்கும் கழுத்துப் பட்டிக்கும் போகட்டும்.

டிசம்பரில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. காற்றுப் புகாத கிளவுஸும் ஹேண்ட்கார்டும் போதும், குளிர் சில மணி நேரம்தான். ஆனால் லடாக்குக்காக கிரிப் போட்டவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க அந்த மலைப்பாதையை விட நல்ல இடம் கிடைக்காது. விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். வயரிங் கோளாறு இருந்தால் மெக்கானிக் கிடைக்கும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

கிளவுஸோடு விமானம் ஏறுகிறவர்கள் பேட்டரியைக் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று படாதபடி சுற்றி, கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் தனி லித்தியம் பேட்டரி வைக்க அனுமதி கிடையாது.