திருகோணமலையில் ஒரு ரப்பர் வளையம்

ஊருக்கு வேப் (மின்சிகரெட்) கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து திரவம் ஊற்றுகிற டாங்கில் பெரியதை எடுத்துப் போகாதீர்கள். அதை எடுத்துப் போனதால் இந்தமுறை ஒரு பகல் முழுவதும் என்.சி. வீதியில் அலைந்தேன்.

லண்டனில் நான் பாவிப்பது சப்-ஓம் டாங்க், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கொயில் 1 ஓமுக்குக் குறைந்தது. 0.2 ஓம் கொயில், நேரே நெஞ்சுக்கு இழுக்கிற வகை, காற்றுத்துளை அடியில். 70 வீதம் விஜி (தடிப்பான கிளிசரின்) உள்ள திரவம் அந்தக் குளிரில் பாகுபோல நிற்கும். ஊர் வெக்கையில் அது இளகிவிடுகிறது. போதாததற்கு டாங்கை நிரப்பியபடியே விமானம் ஏறியிருக்கிறேன். மேலே அழுத்தம் குறைய, உள்ளே இருக்கிற காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும். தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டேன். உப்புவெளியில் பையைத் திறந்தால் சேர்ட் எல்லாம் பிசுபிசுப்பு. கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தது. பெட்டியோடு வந்த உபரி வளையங்கள் லண்டன் வீட்டுக் குசினி லாச்சியில்!

சிகரெட்டை விட்டு ஆறு வருடம். இங்கே தேத்தண்ணிக் கடையில் ஒற்றைச் சிகரெட் கிடைக்கும். வேப் இல்லாவிட்டால் அதைத் தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் ஓடினேன்.

முதலில் போன போன் கடையில் பெடியன் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இதெல்லாம் திருத்த ஏலாது அண்ணா, எறிஞ்சிட்டுப் புதுசா எடுங்கோ.” எனக்குச் சரியான கோபம். எறிந்துவிட்டு வாங்கு என்று சொல்ல லண்டன் கடைக்காரர் போதாதா? எதையும் திருத்தித் தருகிற ஊர் என்றல்லவா அங்கே பெருமையாகச் சொல்லி வந்தேன். இரும்புக்கடையில் பைப் வோஷர்தான் இருந்தது, எல்லாம் தடிப்பு.

அப்புறம்தான் அப்பாவின் மணிக்கூடு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் பின்மூடி வளையத்தை மாற்றிக்கொண்டு வருவார். அதுவும் இதே மாதிரி வளையம்தானே!

கடைத்தெருவில் ஒரு சின்ன மேசை, கண்ணில் வில்லை மாட்டிய ஐயா ஒருவர். “இதென்ன தம்பி, சென்ட் போத்தலோ?” என்று கேட்டார். விளக்கினேன். அறுந்த வளையத்தைக் கடதாசியில் ஒட்டவைத்து அளந்தார். தகர டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முதலாவது தளர்வு. இரண்டாவது கண்ணாடியைத் தூக்கியது. மூன்றாவதில் என்னுடைய திரவத்தையே ஒரு சொட்டுத் தடவி அமத்த, போய் இருந்துகொண்டது. தண்ணீர் விட்டு, கவிழ்த்து, பத்து நிமிடம் பழைய பத்திரிகையில் வைத்துப் பார்த்தார். ஒரு ஈரப்பொட்டு இல்லை. 200 ரூபா. லண்டனில் இந்தப் பத்து நிமிடத்தை எனக்காக யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தமுறை வாயில் இழுத்துவிட்டு உள்ளே விடுகிற சின்ன டாங்க்தான். 1 ஓமுக்கு மேல் கொயில், காற்றுத்துளை மேலே இருக்கிறதாக, விஜி பாதி மட்டும் உள்ள திரவம். பிரித்தானியச் சட்டப்படி எந்த டாங்கும் கூடியது 2 மில்லிலீற்றர்தான். பெரியது அதை மத்தியானத்துக்குள் முடித்துவிடும், சின்னது எனக்கு ஒரு நாள் போகும். பற்றரியும் அப்படித்தான். விமானத்துக்கு முன் டாங்கை வெறுமையாக்கிவிடுங்கள்.

அப்படியும் வளையம் போனால் மணிக்கூடு திருத்துகிறவரிடம் கேளுங்கள். கண்ணாடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள், போட்டுப் பார்க்காமல் ஐயா வளையம் தரமாட்டார்.