நானோ வெள்ளி மாஸ்க் வாங்குவதற்கு முன் அந்தச் சான்றிதழைப் படித்துவிடுங்கள்

போன வாரம் போனில் மறுபடியும் அதே விளம்பரம். அதே வெள்ளிநிறப் பெட்டி, 'நானோ சில்வர், 99.9% வைரஸ் அழியும், 50 தடவை துவைக்கலாம்'. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது, அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

2021 மே, இரண்டாவது அலை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஊரடங்கு என்றாலும் போயே தீர வேண்டும். இருந்த பயத்தில் ஒன்று 399 ரூபாய் என்று ஐந்து வாங்கிவிட்டேன். துவைத்து மாட்டிக்கொண்டு போனால், அங்கிருந்த சிஸ்டர், "ஐயா, இது வெறும் துணி. மூக்குகிட்ட கம்பிகூட இல்லையே" என்று சொல்லி அவரே ஒரு என்95 மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒன்றை பிளேடு வைத்துத் தையல் பிரித்தேன். மேலே பனியன் துணி, கீழே பனியன் துணி, நடுவில் ஜவுளிக்கடைப் பை தைப்பார்களே, அந்தச் சமாச்சாரம். அவ்வளவுதான்.

பெட்டிக்குள் சான்றிதழ் நகல் ஒன்று இருந்தது, அதையும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன் (வாங்கும் முன் படித்திருக்க வேண்டும், என் தப்புதான்). ஏஏடிசிசி 100 என்று போட்டிருந்தது. அது துணியில் பாக்டீரியாவைத் தடவி 24 மணி நேரம் விட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணுகிற சோதனை. வைரஸ் என்ற சொல்லே தாளில் இல்லை. வைரஸுக்கு ஐஎஸ்ஓ 18184 என்று தனியாக உண்டு, அதிலும் வழக்கமாக இரண்டு மணி நேரம் வைத்துத்தான் பார்ப்பார்கள். நாம் இழுக்கிற மூச்சு துணியைத் தாண்ட ஒரு நொடிகூட ஆகாதே! காற்றில் வருவதை மாஸ்க் எவ்வளவு வடிகட்டும் என்பது வேறு சோதனை, அதற்கு ஒரு வரிகூட இல்லை. என்95-இல் நடுவில் இருக்கும் மெல்ட்ப்ளோன் அடுக்கின் (உருக்கிய பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி எடுத்த மெல்லிய இழைகள்) மின்னூட்டம்தான் நுண்துகளைப் பிடித்து இழுக்கிறது, துவைத்தால் அது போய்விடும். நானோ என்றாலே பொய் என்று சொல்லவில்லை, மிக மிக மெல்லிய நானோ இழையை நெருக்கமாகப் படியவைத்து அதனாலேயே வடிகட்டும் நல்ல மாஸ்க்குகளும் இருக்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "துவைத்த மாஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டோம்." 50 தடவை துவைக்கச் சொன்னதே நீங்கள்தானய்யா! 1,995 ரூபாய் போனது போனதுதான்.

இந்தியாவில் தயாரான எஃப்எஃப்பி2 (கிட்டத்தட்ட என்95 தரத்து மாஸ்க்) வாங்கினால் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வடிகட்டும் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். போன வாரம் அந்த விளம்பரத்தின் கீழேயே நான் கேட்டேன், பத்து நிமிஷத்தில் பிளாக் செய்துவிட்டார்கள்.