கார்டு மகளுக்கு, சிடி எனக்கு: லீசாவின் 'லாலிசா'

வீட்டில் சிடி பிளேயர் இல்லாத பிள்ளைகள் எதற்காக சிடி வாங்குகிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். "கேக்கறதுக்கு யாருப்பா வாங்கறா? கார்டுக்குத்தான்" என்றாள். கார்டு என்றால் சிடிப் பெட்டிக்குள் வரும் பாடகியின் சின்னப் படம். கொரியாவின் பிளாக்பிங்க் என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் லீசா முதன்முதலாகத் தனியாக வெளியிட்ட 'லாலிசா' சிங்கிள்தான் அவள் வாங்கியது. நான் கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் சர்வீஸ் போடுகிறவன். சிடி ஓடக்கூடிய பழைய செட் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. சரி, கார்டு அவளுக்கு, சிடி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பாட்டு வந்தது 2021 செப்டம்பர் 10, நம் நேரப்படி காலை ஒன்பதரை மணிக்கு. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு அவள் அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீடியோவுக்கு 24 மணி நேரத்தில் 7 கோடியே 36 லட்சம் பார்வை. முதல் வாரத்தில் விற்ற பிரதிகளும் 7 லட்சத்து 36 ஆயிரம். அதென்ன கணக்கோ! எங்கள் வீட்டில் பெட்டிக்குக் காசு சேர இத்தனை காலம் ஆயிற்று.

பெட்டி கறுப்பு, தங்க நிறம் என இரண்டு வகையில் வருகிறது. நாங்கள் வாங்கியது தங்கம். தூக்கிப் பார்த்தால் கனம் எல்லாம் படப் புத்தகத்துக்குத்தான். எந்த போட்டோகார்டு கிடைக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். பெட்டிக்கடையில் நாங்கள் சுரண்டிய பரிசுச் சீட்டு மாதிரிதான், விலைதான் வேறு. எங்களுக்கு வந்த பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "உள்ள சிடி நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். என்னைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. மகள்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

சிடியில் மொத்தம் நான்கு டிராக். 'லாலிசா', 'மணி' என்று இரண்டு பாட்டு, அப்புறம் அதே இரண்டும் குரல் இல்லாமல். ஏழு நிமிடம்கூடத் தேறாத புதுச் சரக்குக்கு இந்த விலை அதிகம்தான்.

'லாலிசா' ஊதல் வாத்தியங்களோடு இரைந்துகொண்டு வருகிறது. பெரிய பாக்ஸில் போட்டேன். டாப், அதாவது கீச்சென்ற மேல் ஒலி, காதைக் குத்தியது, இரண்டு புள்ளி குறைத்த பிறகுதான் உட்கார்ந்து கேட்க முடிந்தது. திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொல்லச் சொல்கிறாள், கட்சிக் கூட்டத்தில் தலைவர் பெயரைக் கூவ வைப்பதுபோல. ஆனால் பின்பாதியில் ஓர் இடம் இருக்கிறது. தாய்லாந்தில் கிளம்பி கொரியா வழியாக இங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, மெட்டு தாய்லாந்து ஜாடைக்குத் திரும்புகிறது. வீடியோவில் அங்கேதான் தலையில் உயர்ந்த பொன் கிரீடத்தோடு ஆடுகிறாள். அது இன்னும் ஒரு நிமிடம் நீண்டிருக்கலாம். சட்டென்று முடிந்துவிடுகிறது.

லீசாவின் ஊர் தாய்லாந்தின் புரிராம். பிறந்தபோது வைத்த பெயர் பிரான்பிரியா, ஜோசியர் சொல்லித்தான் லாலிசா ஆனாளாம். பிராணப்பிரியா! நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் அடித்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நான் காசு கொடுப்பேன் என்றால் 'மணி'க்குத்தான். இதற்கு முழு மியூசிக் வீடியோகூட எடுக்கவில்லை, ஆடிக் காட்டும் வீடியோ ஒன்றுதான். அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 'லாலிசா' 84, 'மணி' 90 வரை போயின. எண்ணில் பின்தங்கினாலும் என் மகளின் தோழிகள் மேடை ஏறினால் ஆடுவது இதைத்தான். காரணம் குரல் இல்லாத டிராக்கைக் கேட்டபோது புரிந்தது. உள்ளே அதிகச் சாமான் இல்லை. பேஸுக்கும் அடிக்கும் நடுவே காலி இடம் விட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில்தான் லீசா வார்த்தைகளைத் தட்டித் தட்டி வைக்கிறாள். மண்டபத்தின் எதிரொலியிலும் இது குழம்பவில்லை.

இப்போதெல்லாம் மண்டபத்தில் பாக்ஸ் இறக்கியதும் பேஸ் சரிபார்க்க நான் போடுவது அந்த டிராக்தான். போன முகூர்த்தத்தில் சமையல் மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, பாடறவங்க இன்னும் வரலையா?" என்றார்.