மானியக் கடன் வாங்கித் தருகிறோம் என்றவர்களிடம் நான் கொடுத்த 30,000 ரூபாய்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தொழில் தொடங்கக் கடன் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் ஜிபே பண்ணுங்கள். நான் 30,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம்கூடப் போகட்டும், எட்டு மாதம் வீணாய்ப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது காங்கேயத்தை ஒட்டிய ஒரு கிராமம். ரெண்டு மரச்செக்கு போட்டு, கடலை, எள், தேங்காய் ஆட்டி விற்கலாம் என்று யோசனை. கொப்பரைக்குப் பஞ்சமில்லாத ஊர், வீட்டை ஒட்டி ஓட்டுச்சாளை ஒன்றும் சும்மா கிடந்தது. எட்டு லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். கையில் இருந்தது ஒன்றரை லட்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் நிறுத்தத்தில் அந்த மஞ்சள் நோட்டீசைப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் 'தொழில்முனைவோர் வழிகாட்டு முகாம்'. மூவர்ணப் பட்டை, கீழே 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்து. எந்த அரசு, எந்தத் துறை என்று எங்கேயும் இல்லை. இது இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

போனால் கேசரி, காபி எல்லாம் பலமாக இருந்தது. கோட்டு போட்ட ஒருவர் மேடையில் பேசினார். "பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துல கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். எட்டு லட்சத்துக்கு 2,80,000 ரூபாய் சும்மா கைக்கு வருதுங்க மேடம்!" எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் அட்டையில் செய்த ஒரு ஆள் அகலக் காசோலையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி எங்கள் சிலரைப் போட்டோ எடுத்தார்கள். "சும்மா ஒரு ஞாபகத்துக்குங்க" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

திட்டம் பொய் இல்லை, 35 சதவீதமும் பொய் இல்லை. அதனால்தான் நம்பினேன். பொதுப் பிரிவு ஆண்களுக்குக் கிராமத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற பிரிவுகளுக்குக் கிராமத்தில் 35, நகரத்தில் 25. ஆனால் 'கைக்கு வருது' என்றாரே, அது பச்சைப் பொய். எங்களைப் போன்றவர்கள் 5 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டும், மீதி 95 சதவீதத்தையும் வங்கி கடனாகத்தான் தரும். மானியத் தொகை வங்கிக்கு வந்து மூன்று வருடம் வைப்பாகப் பூட்டிக் கிடக்கும். அதற்கு வட்டி வராது, அந்த அளவு கடனுக்கு வட்டியும் போட மாட்டார்கள். தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும். 2,80,000 வந்ததும் கிணற்று மோட்டாரை மாற்றலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு ஓடியது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பணம் போன வழியைச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம் 2,500. சிறுதொழில் என்று அரசிடம் பதிந்து வாங்கும் உத்யம் சான்றிதழுக்கு 3,500. திட்ட அறிக்கைக்கு 18,000. 'ஒரு வருட மென்டரிங்'குக்கு, அதாவது கூட இருந்து வழிகாட்டுவதற்கு, 6,000. எல்லாம் ஒரு தனி ஆள் பெயரில் இருந்த எண்ணுக்குப் போனது. ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை, ஆதார், பான் எண்ணும் ஓடிபியும் இருந்தால் நாமே போட்டுவிடலாம். பிரதமர் திட்டத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது. போதாக்குறைக்கு, கடன் கிடைத்ததும் 5 சதவீதம் கமிஷன் என்று பேசி, அதற்கு ஈடாகத் தேதியும் தொகையும் போடாத காசோலை ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தேனே, அதைச் சொல்லுங்கள்.

மென்டரிங் என்றால் ஒரு வாட்ஸப் குழு. தினம் காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங். மழைக்காலத்தில் கொப்பரையில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது என்று ஒருநாள் கேட்டேன். "பாசிட்டிவா யோசிங்க சிஸ்டர்" என்று பதில் வந்தது.

ஐந்து மாதமாக "ப்ராசஸ்ல இருக்குங்க மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் நானே வங்கிக்குப் போனேன். விண்ணப்பத்தில் என் பெயர் இருந்தது, கைப்பேசி எண் அவர்களுடையது. வங்கி விளக்கம் கேட்டு அனுப்பிய தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குப் போய், பதில் இல்லாமல் என் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது.

மேலாளர் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "நூறு கிலோ கடலைப் பருப்பு ஆட்டினா எவ்வளவு எண்ணெய் வருங்கம்மா?"

"நாற்பது கிலோ வருங்க சார். நல்ல பருப்பா இருந்தா ரெண்டு மூணு கூட வரும்."

அறிக்கையை என் பக்கம் திருப்பினார். 65 என்று போட்டிருந்தது. கல்செக்கு காலத்து ஆளான எங்கள் அம்மாயி பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். வருமானக் கணக்கு மொத்தமும் அந்த 65-ஐ வைத்துத்தான் ஏறியிருந்தது. 11-ஆம் பக்கத்தில் 'பாக்குமட்டைத் தட்டு தயாரிக்கும் முறை' என்று தலைப்பு, கீழே முன்பின் தெரியாத ஒரு ஆணின் பெயர். மொத்தம் 24 பக்கம். பக்கத்துக்கு 750 ரூபாய் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. "இது நீங்க எழுதினதாம்மா?" என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

விலைப்பட்டியலும் அப்படித்தான். அவர்கள் கொடுத்ததில் இரண்டு செக்கு 4,60,000. கோயம்புத்தூரில் செக்கு செய்பவர் ஒருவரிடம் நானே கேட்டபோது அதே குதிரைத்திறனுக்கு 3,10,000 சொன்னார். வங்கி பணத்தை நேரடியாக இயந்திரம் விற்பவருக்குக் கொடுக்கும். நடுவில் ஏற்றிய ஒன்றரை லட்சத்தை யார் பங்கு போடுவார்கள், யார் வட்டியோடு கட்டுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும் அரசு அலுவலகமான மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். அங்கே இருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் எதுக்கும்மா காசு கொடுத்தீங்க?" என்று ஒரு தாளை எடுத்து, மாதம் எத்தனை நாள் ஓட்டுவீங்க, கரண்ட் எவ்வளவு, புண்ணாக்கு என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுக் கேட்டு என்னையே எழுத வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. புண்ணாக்கு வருமானத்தை நானே மறந்திருந்தேன். இதைவிடச் சின்னதாகத் தொடங்குவதானால் சிறுதொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனில் சொத்து ஈடு கேட்க மாட்டார்கள் என்பதையும், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரிடமாவது ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் நம் பெயரில் உள்ள கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். என்னுடையதில் நான் வாசல்கூட மிதிக்காத இரண்டு வங்கிகள் விசாரித்த பதிவு இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். அது தெரிந்த பிறகு இரண்டு தவணையில் 12,000 திரும்பி வந்தது. மீதியும் வரவில்லை, காசோலையும் வரவில்லை. நான் எழுதிய கணக்கோடு புது விண்ணப்பம், என் எண்ணிலேயே, வங்கியில் இருக்கிறது.

போன வாரம் தாராபுரம் போயிருந்தேன். பஸ் நிலையத்துச் சுவரில் அதே மஞ்சள் நோட்டீஸ், முகாம் தேதி மட்டும் புதிது. 'எங்களால் கடன் பெற்ற பயனாளிகள்' என்று கீழே நான்கு படம். மூன்றாவது படத்தில் அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது நான்தான்.